பதினைந்தாவது தடவை

பம் நகரத்துக் குடும்ப நீதிமன்றத்துக்குள் நுழைய ஆண் வக்கீலுக்கு அரை நிமிஷம் போதும். கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பெண் வக்கீல் தஹ்மினே நர்மாஷிரிக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். அதில் பத்தொன்பது நிமிஷம் ரொபாபேயோடு மல்லுக்கட்டுவதில் போகும்.

ரொபாபே பெண்கள் வாசலில், சாம்பல் நிறத் திரைக்குப் பின்னால், மர நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சோதனைக்காரி. அறுபதை நெருங்கும் வயசு. இடது கையில் தஸ்பீஹ் ஜெபமணி உருண்டுகொண்டே இருக்கும், வலது கையில் காகிதக் கைக்குட்டை தயாராக இருக்கும். முக்காட்டை மீறி எத்தனை முடி எட்டிப் பார்க்கிறது என்பதை அவள் கண் ஒரே பார்வையில் எண்ணிவிடும்.

"சகோதரி, உதட்டைத் துடைங்க."

"இது என் உதடு ரொபாபே கானும். சாயம் இல்ல. பொறந்ததுலேர்ந்து இதே நிறம்தான்."

"துடைச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

துடைப்பாள். காகிதம் வெள்ளையாகவே வரும். ரொபாபே அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒன்றும் கிடைக்காது. அந்த ஏமாற்றத்தை முக்காட்டின் மேல் காட்டுவாள். பதினோரு வருஷமாக இதே கூத்து.

முடி ரொம்பவும் அடம்பிடித்த நாட்களில் உறுதிமொழித்தாள் நீட்டப்படும். 'இனி இத்தவறு செய்யமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். தஹ்மினே இதுவரை பதினாலு தாளில் போட்டிருக்கிறாள். ஒரு தடவை, 'காற்றடித்தால் நான் பொறுப்பல்ல' என்று கீழே பொடி எழுத்தில் சேர்த்துவிட்டாள். ரொபாபேக்குக் கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்து தெரியாது. அந்தத் தாள் முத்திரை குத்தப்பட்டு இன்றைக்கும் அரசாங்கக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை நினைத்து அவள் தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு, தேநீர் மூக்கில் ஏறும் வரைக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு யார் உரிமம் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். நேர்காணலில் கொடுத்தார்கள். சட்டத்தில் ஒரு கேள்வி, மார்க்கத்தில் ஒன்பது கேள்வி. பூமி அதிர்ந்தால் என்ன தொழுகை என்று தலைப்பாகைக்காரர் ஒருவர் கேட்டார். அடையாளத் தொழுகை, இரண்டு ரக்அத், இன்ன இன்ன முறை என்று ஒழுங்காகச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஹாஜ் ஆகா, எங்க ஊர்ல அதிர்ந்தப்போ ஏழு மணி நேரம் சுவருக்கு அடியில கிடந்தேன். தொழுகைக்குத் திரும்பற கிப்லா எந்தப் பக்கம்னு தெரியல. அதுக்கு என்ன சட்டம்?"

அவர் தலை குனிந்து, தேர்ச்சி என்று எழுதினார். அந்தப் பூகம்பத்தில் தஹ்மினே வீட்டில் ஆறு பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள், அவளும் அவள் அம்மாவும். அதற்கப்புறம் அவளுக்கு மனுஷர்களிடம் பயம் விட்டுப்போயிற்று. பெண்பிள்ளை நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பெழுதக் கூடாது என்று சட்டம். "எழுதத்தானே கூடாது, எழுத வைக்கக் கூடாதுன்னு இல்லையே" என்று சொல்லிக்கொண்டு, ரொட்டிக்கடை மாடியில் ஒரு அறை பிடித்துப் பலகை மாட்டினாள். கோடையில் அடுப்புச் சூடு கீழேயிருந்து ஏறும், கட்சிக்காரர்கள் சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

அந்த அறைக்குத்தான், குளிர்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கௌஹர் என்பவள் வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊரான பரவாத்தில் இருப்பவள். பூகம்பத்தில் இடுப்பெலும்பு முறிந்து ஒட்டியதில் ஒரு காலை இழுத்து நடப்பாள். மாடி ஏறி வந்து மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"வக்கீலம்மா, என் பொண்ணு சதஃபுக்குப் பன்னெண்டு வயசு. அவங்க வாப்பா நிக்காஹ் பேசிட்டார். அடுத்த புதன்கிழமை கோர்ட்ல அனுமதி வாங்கப்போறாங்க."

பதின்மூன்று முடிந்த பெண்ணை அப்பன் நினைத்தால் கட்டிக்கொடுத்துவிடலாம், நீதிமன்றத்தை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே என்றால்தான் அனுமதி. அப்படியென்றால் இந்த மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம்கூடப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை யாரு?"

"ஹாஜி இஸ்கந்தர்."

தஹ்மினே தேநீருக்காகப் பல்லிடுக்கில் வைத்திருந்த சர்க்கரைக் கட்டியைக் கடித்து நொறுக்கினாள். பேரீச்சம்பழக் குளிர்கிடங்கு இஸ்கந்தரைத் தெரியாதவர் யார்? பள்ளிவாசலுக்குக் கம்பளம், முஹர்ரத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு, எந்த விழாவிலும் முன்வரிசை. நாற்பத்தாறு வயசு. நொஸ்ரத் என்ற மனைவி குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். இரண்டு பெண்கள், இரண்டு பேருமே சதஃபுக்கு மூத்தவர்கள்.

கௌஹரின் புருஷன் யதுல்லா அந்தக் கிடங்கில் காவல்காரன். நிலத்தடி வாய்க்கால் தண்ணீரில் மாதத்துக்குப் பத்து மணி நேரப் பங்கு எழுதித் தருவதாக ஹாஜி சொல்லியிருந்தார். இந்த வறண்ட மண்ணில் தண்ணீர்ப் பங்குள்ளவனுக்குத்தான் சபையில் நாற்காலி. யதுல்லா கெட்டவன் இல்லை. மகளைப் பெரிய இடத்தில் கொடுக்கிறோம் என்றே நம்பியிருந்தான். அதுதான் பெரிய தலைவலி. கெட்டவனை மிரட்டலாம், நம்புகிறவனை என்ன செய்வது?

"பொண்ணு என்ன சொல்றா?"

"நேத்து அவளோட சைக்கிளையும் சீர்ல சேத்து அனுப்புவீங்களான்னு கேக்கறா வக்கீலம்மா." கௌஹர் முகத்தை மூடிக்கொண்டாள்.

தஹ்மினேக்கு அந்தக் குடும்ப நீதிமன்றத்து நீதிபதியைத் தெரியும். அந்த வருஷம் மட்டும் மூன்று சின்னப் பெண்களுக்கு அனுமதி எழுதியிருந்தார். மூன்றிலும் எதிர்த்து நின்றவள் இவள்தான். மருத்துவச் சான்று, மதிப்பெண் அட்டை, வாசலில் அழுகிற தாய், எல்லாம் காட்டியாயிற்று. "அப்பனுக்குத் தெரியாத நன்மையா சகோதரி உங்களுக்குத் தெரிஞ்சுடப்போகுது" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாலாவதையும் அதே வழியில் போய்த் தோற்க அவளுக்கு மனசில்லை. வேறு வாசல் வேண்டும். அதனால் குழந்தை பிறந்ததிலிருந்து ஒன்று விடாமல் கேட்க ஆரம்பித்தாள்.

பூகம்பம் வந்தபோது சதஃப் மூன்று மாதக் கைக்குழந்தை. கௌஹரை இடிபாட்டிலிருந்து எடுத்து விமானத்தில் இஸ்ஃபஹானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்பது நாள் கழித்துத்தான் திரும்பினாள். யதுல்லா இடிபாடு தோண்டும் ஆட்களோடு போய்விட்டான்.

"அந்த நாப்பது நாளும் புள்ள என்ன குடிச்சுது?"

கௌஹர் விழித்தாள். "கூடாரத்துப் பொம்பளைங்க பாத்துக்கிட்டாங்க. புள்ள உசிரோட கையில வந்துச்சு, அதுக்குமேல நான் யாரையும் ஒண்ணும் கேக்கல."

அன்றைக்கு மத்தியானமே தஹ்மினே தன் லொடக்குக் காரை எடுத்துக்கொண்டு பரவாத்துக்குப் போனாள். அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களில் முதலில் அகப்பட்டவள் தையல்காரி ஸொக்ரா. ஊசியில் நூல் கோத்தபடியே பதில் சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்கா? நொஸ்ரத் குடுத்தா பால். அவ குழந்தை இடிபாட்டுல போயிடுச்சுல்ல."

"எந்த நொஸ்ரத்?"

"ஊர்ல எத்தனை நொஸ்ரத்? குளிர்கிடங்கு ஹாஜியோட பொண்டாட்டி."

தஹ்மினே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இதை ஏன் இத்தனை நாளா யாருமே சொல்லல?"

"யாரு எங்களைக் கேட்டா?" என்றாள் ஸொக்ரா. யதுல்லா மாப்பிள்ளை பேரை இன்னும் தெருவில் வெளியிடவே இல்லை. தஹ்மினே அந்தப் பேரைச் சொன்னதும் அவள் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். நம் சட்டத்தில் பால் குடித்தாலும் உறவு. பால் கொடுத்தவள் தாய், அவள் புருஷன் தகப்பன். பால்குடி மகளைக் கட்டுவது பெற்ற மகளைக் கட்டுவதற்குச் சமம், நினைத்தாலே ஹராம். எந்த நீதிபதியும் இதில் அப்பனுடைய நன்மையைப் பற்றிப் பேச முடியாது.

இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மற்ற வழக்குகளில் இரண்டு பெண் சாட்சி சொன்னால்தான் ஒரு ஆணுக்கு ஈடு. பல வழக்கில் அதுவும் செல்லாது. ஆனால் பிரசவம், பால்குடி போன்ற சமாச்சாரங்களில் நாலு பெண்கள் சொன்னால் போதும், ஒரு ஆம்பிளையும் வேண்டாம். சட்டம் எழுதினவர்களுக்கு அந்த மூலையில் எட்டிப் பார்க்க வெட்கம், அதனால் அதை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்கள். தஹ்மினே பதினோரு வருஷமாக அந்த மூலைக்குள் ஒரு வழக்கைக் கொண்டுபோக முடியுமா என்று காத்திருந்தவள்.

சட்டம் பாலை எண்ணவும் செய்யும். ஒரே பெண்ணிடம், நடுவில் வேறொருத்தி கொடுக்காமல், வயிறு நிறையப் பதினைந்து தடவை. பதினாலோடு நின்றால் உறவே இல்லை, நாளைக்கே நிக்காஹ் நடத்தலாம்.

நொஸ்ரத்தை அவள் வீட்டு அடுக்களையிலேயே போய்ப் பார்த்தாள். ஹாஜி கிடங்குக்குப் போயிருந்த நேரம். நொஸ்ரத் பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு.

"பரவாத்துல ஒரு பொண்ணுன்னு சொன்னார். நான் வயசுகூடக் கேக்கல. கேட்டு என்ன ஆகப்போகுது வக்கீலம்மா?"

"பொண்ணு பேரு சதஃப். கௌஹரோட மக."

கத்தி பழத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"என் புள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்த அன்னைக்கு மார் கல்லாக் கட்டிப்போச்சு. காய்ச்சல். செத்தாத் தேவலைன்னு கிடந்தேன். யாரோ அந்தக் குழந்தையைக் கொண்டாந்து மடியில போட்டாங்க. அது குடிச்சுது, நான் பொழச்சேன். பொம்பளைங்க கூடாரத்துச் சங்கதி, அவர்கிட்ட நான் சொன்னதில்ல. பாவி மனுஷன், அதையா கட்டிக்கப் போறார்?"

"எத்தனை தடவை குடுத்தீங்க?"

"எண்ணுற நிலைமையிலயா இருந்தேன்?"

இதுதான் சிக்கல். நொஸ்ரத்தையே சாட்சியாக நிறுத்தினால் சக்களத்திப் பொறாமை என்று தள்ளிவிடுவார்கள், வேறு நாலு பேர் வேண்டும். ஸொக்ரா வந்தாள், கூடாரத்துச் சமையல்காரி கத்தூன் வந்தாள், பரி என்ற மருத்துவச்சி வந்தாள். மூன்று பேரும் ரொட்டிக்கடை மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, இருபது இருக்கும் என்றார்கள், ஒரு வாரம் இருக்கும் என்றார்கள். வயிற்றுக்குக் கணக்கா வைப்பார்கள் என்று தஹ்மினேயையே திருப்பிக் கேட்டார்கள். 'இருபது இருக்கும்' என்பதை எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்வியில் ஊதித் தள்ளிவிடுவார். "பதினஞ்சுன்னு அடிச்சுச் சொல்லிடட்டுமா?" என்று பரி கேட்டாள். தஹ்மினே ஒத்துக்கொள்ளவில்லை. அவள் குறும்புக்காரி, பொய்ச்சாட்சிக்காரி இல்லை. தவிர, சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிப்பார்கள். ஒரு பொய் வெளியே வந்தால் பெண்ணும் போவாள், உரிமமும் போகும்.

அப்போதுதான் கத்தூன் சொன்னாள். "எண்ணினவ ஒருத்தி இருந்தா. கூடாரத்து மூலையில மணியை உருட்டிக்கிட்டு, இது கூடாது அது கூடாதுன்னு எல்லாரையும் பிடுங்கி எடுத்துக்கிட்டிருந்தா. உறவு குழம்பும், கணக்கு வையிங்கன்னு ஒரே நச்சு. அவகூட யாரும் பேசமாட்டோம். ரொபாபேன்னு பேரு. இப்பக் கோர்ட்டு வாசல்ல உக்காந்திருக்காளாமே."

தஹ்மினே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஊரில் இத்தனை லட்சம் வாய் இருக்க, அந்த ஒரு எண் அந்த வாய்க்குள்ளேயா போய் மாட்ட வேண்டும்? அந்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததே ஹாஜி இஸ்கந்தர்தான் என்பது வேறு ஊரறிந்த சங்கதி.

மறுநாள் காலை தஹ்மினே முக்காட்டைப் புருவம் வரைக்கும் இழுத்துக் குத்திக்கொண்டு, கேட்பதற்கு முன்பே உதட்டைத் துடைத்துக் காகிதத்தை நீட்டினாள். ரொபாபேக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"ஒரு மார்க்கச் சந்தேகம் ரொபாபே கானும். யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

சந்தேகம் கேட்டால் ரொபாபேக்குப் பாயசம் குடித்த மாதிரி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேளுங்க."

"ஒரு மனுஷன் தன் பால்குடி மகளைத் தெரியாமக் கட்டிக்கிறான்னு வைங்க. பாவம் யாருக்கு?"

"அவனுக்குத்தான் தெரியாதே. அவனுக்கு இல்ல."

"அப்ப பாவமே இல்லையா?"

"அதெப்படி இல்லாமப் போகும்? தெரிஞ்சவ ஒருத்தி இருப்பாள்ல. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா பாருங்க, அவ தலையிலதான் அத்தனையும்."

"நல்லது. மனசு லேசாச்சு" என்றாள் தஹ்மினே. பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்து, திரும்பாமலே சொன்னாள். "ஹாஜி இஸ்கந்தர் அடுத்த புதன்கிழமை கௌஹரோட மக சதஃபைக் கட்டிக்க அனுமதி கேக்கறார்."

மணி உருளும் சத்தம் நின்றது. பதினோரு வருஷத்தில் அந்தச் சத்தம் நின்று தஹ்மினே கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தபோது ரொபாபே முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பதினாலாவதுல நிறுத்துன்னு சொன்னேன்" என்றாள் ரொபாபே. குரல் அவளுக்கே கேட்டிருக்காது. "போதும், இனிமே வேற ஆளு குடுக்கட்டும், உறவாகிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். புள்ள அழுவுது, உறவானா ஆகிட்டுப் போகட்டும்னு நொஸ்ரத் மாராப்பை விலக்கிட்டா."

"இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?"

ரொபாபே வேறெங்கோ பார்த்தாள். "அடுத்த ஆள் வரிசையில நிக்கறாங்க. நகருங்க சகோதரி. பின்னால முடி தெரியுது."

முடி தெரியவில்லை. தஹ்மினேக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் நகர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொபாபே உதட்டைத் துடைக்கச் சொல்லவும் இல்லை. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று புரியாமல் தஹ்மினேக்குச் சோறே இறங்கவில்லை.

புதன்கிழமை வாசலில் ரொபாபே இல்லை. வேறொரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ரொபாபே விடுப்பு எடுத்திருக்கிறாளாம். அந்தப் பெண் முடியைப் பார்க்காமலே உள்ளே விட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூடத்தில் சதஃப் பள்ளிச் சீருடையோடு, மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. உள்ளே நீதிபதி, அவருக்கு முன்னால் யதுல்லா, வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரை பூட்டிய ஹாஜி, ஹாஜியின் வக்கீல் ஷம்ஸ். இந்தப் பக்கம் கௌஹரும் தஹ்மினேயும்.

தஹ்மினே முதலில் குழந்தையின் வயசைச் சொன்னாள், எடையைச் சொன்னாள், படிப்பைச் சொன்னாள். நீதிபதி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "வேற ஏதாவது இருக்கா சகோதரி?"

"பால் இருக்கு ஹாஜ் ஆகா."

பேனா மூடி கீழே உருண்டது. அவள் மனுவை நீட்டினாள். படிக்கப் படிக்க நீதிபதி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். குழந்தையின் எடைக்கு அசையாத மனுஷன், பாலுக்கு அசைந்தார். ஹாஜி தன் வக்கீல் காதில் என்னவோ கேட்டார். யதுல்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாட்சிகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஸொக்ரா கூடாரத்தைச் சொன்னாள், பரி நொஸ்ரத்தின் காய்ச்சலைச் சொன்னாள், கத்தூன் குழந்தையின் பசியைச் சொன்னாள். எண்ணிக்கை கேட்டபோது மூன்று பேரும் உள்ளதைச் சொன்னார்கள். நிறையத் தடவை, எண்ணவில்லை. ஷம்ஸ் எழுந்தார்.

"மூணு பேருதான் வந்திருக்காங்க. அதுலயும் ஒருத்திக்கும் கணக்குத் தெரியல. இதை வச்சுக்கிட்டு ஒரு மரியாதைப்பட்ட மனுஷரை..."

"நாலாவது சாட்சி எங்கே?" என்று நீதிபதி தஹ்மினேயைக் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் வாய்க்கு ஒன்றும் அகப்படவில்லை. கௌஹர் அவள் போர்த்தியிருந்த சாதோர் அங்கியின் முனையைப் பிடித்து இறுக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. ரொபாபே உள்ளே வந்தாள். ஹஜ்ஜுக்குப் போகிறவள்போல மடிப்புக் கலையாத புதுச் சாதோர். ஹாஜியைப் பார்த்துத் தலையசைத்து ஸலாம் சொன்னாள். பிறகு தஹ்மினே பக்கம் திரும்பி, நீதிபதி காதில் விழும்படியாகவே சொன்னாள். "முடி, சகோதரி."

தஹ்மினே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல்தடவையாகச் சந்தோஷத்தோடு இழுத்துவிட்டாள்.

சத்தியம் செய்து முடித்ததும் ரொபாபே யாரும் கேட்பதற்குள் ஆரம்பித்தாள். "பதினஞ்சு ஹாஜ் ஆகா. என் மணியிலேயே எண்ணினேன். ஒரு தடவைக்கு ஒரு மணி, ஓரத்துல நூல் கட்டி வச்சிருந்தேன்."

"நடுவுல வேற யாராவது குடுத்தாங்களா?" என்று ஷம்ஸ் பாய்ந்தார்.

"கத்தூன் ஒரு தடவை எடுக்கப் பாத்தா. கையைத் தட்டிவிட்டேன். ஒரு புள்ளைக்கு ரெண்டு பால்தாய் ஆச்சுன்னா நாளைக்கு யாருக்கு யாரு முறைன்னு யாரு கணக்குப் பாக்கறது?"

"வயிறு நிறைஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? புள்ள வந்து உங்ககிட்ட சொல்லிச்சா?"

ரொபாபே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏப்பம் விட்டுது. நீங்க புள்ள குட்டி வளர்த்ததில்லையா?"

நீதிபதி தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். எழுத்தர் 'ஏப்பம்' என்று எழுதுவதா வேண்டாமா என்று அவரைப் பார்த்தார். எழுது என்று கை காட்டினார்.

ஷம்ஸுக்குக் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. "ஹாஜ் ஆகா, நாலு பேரும் பெண்கள். நாலு பெண்கள்னா கணக்குப்படி..."

"இந்தக் கணக்குல நாலு போதும்" என்றார் நீதிபதி. "சட்டத்தை எடுத்துப் பாருங்க."

தஹ்மினே அந்த வாக்கியத்தை மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு ருசியாக இருந்தது.

யதுல்லாவுக்கு இப்போதுதான் உறைத்தது. முகம் கோணி, "யா அல்லா, நான் என்ன செய்யப் பாத்தேன்" என்று முனகினான். ஹாஜி தரையைப் பார்த்தபடி இருந்தார், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி பூட்டினார். நீதிபதி தீர்ப்பு எழுதினார். இந்தப் பெண்ணுக்கும் இந்த மனிதருக்கும் இன்றைக்கும் என்றைக்கும் நிக்காஹ் கூடாது. முத்திரை விழுந்தது.

தாளைக் கையில் வாங்கியதும் கிளம்பியிருக்க வேண்டும். கௌஹர் அழுதுகொண்டே அவள் கையை முத்தமிட்டாள். ஆனால் தஹ்மினேக்கு உள்ளே என்னவோ கொதித்தது. ஜெயித்த நேரத்திலேயே கோபம் வந்தது.

"ஹாஜ் ஆகா, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நொஸ்ரத் பதினாலோட நிறுத்தியிருந்தா, இன்னைக்கு இந்தக் குழந்தையை அனுப்பி வச்சிருப்பீங்களா?"

நீதிபதி பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் பேத்திகள் உண்டு. "சகோதரி, கேட்டது கிடைச்சுடுச்சு. வாங்கிட்டுப் போங்க" என்றார், மெதுவாக.

"இன்னும் ஒண்ணுதான். பதினெட்டு முடியறவரைக்கும் பொண்ணை யாருக்கும் கட்டிக்கொடுக்கமாட்டேன்னு அவங்க வாப்பா உங்க முன்னால உறுதிமொழி எழுதட்டும். வாசகம் நானே சொல்றேன். பதினாலு தடவை எழுதியிருக்கேன், மனப்பாடம்."

அப்படி ஒரு தாளுக்குச் சட்டத்தில் பெரிய பலம் ஒன்றும் கிடையாது. அது நீதிபதிக்கும் தெரியும், ஷம்ஸுக்கும் தெரியும். யதுல்லாவுக்குத் தெரியாது. நரகத்தை இப்போதுதான் கிட்டத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டான். பெருவிரல் ரேகையும் வைத்தான். நீதிபதி சாட்சியாகத் தன் கையெழுத்தைப் போட்டார், யாரும் கேட்காமலே.

எல்லாரும் கூடத்துக்கு வந்தபோது அது நிறைந்திருந்தது. விவாகரத்துக்கு வந்தவர்கள், ஜீவனாம்சத்துக்கு வந்தவர்கள், எழுத்தர்கள், தேநீர்க்காரர், எல்லாரும் சேதியை எப்படியோ பிடித்துவிட்டார்கள். கௌஹர் காலை இழுத்துக்கொண்டு ஓடி மகளைக் கட்டிக்கொண்டாள், காதில் எல்லாவற்றையும் சொன்னாள். சதஃப் கேட்டுக்கொண்டே ஹாஜி இஸ்கந்தரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

ஹாஜி யாரையும் பார்க்காமல் சுவரோரமாக வேகமாக நடந்தார். வெளிவாசலுக்குப் பத்தடிதான் இருந்தது.

சதஃப் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வருகை சொல்கிற தெளிவான குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"வாப்பா!"

யதுல்லா திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்த மனுஷன். இருபது வருஷமாக அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். யோசிப்பதற்குள் ஹாஜி நின்றார், திரும்பினார்.

"என்னம்மா?" என்றார்.